கப்பல் அணையும் பக்கம்

விவேக் நகர், பெங்களூரு
17 ஜனவரி 2023

அன்பு வனஜாவுக்கு,

பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது. நான், கோமளம், ஸ்னேஹா மூவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால், "எல்லாம் நல்லா இருக்கோம்ணா" என்பாய். அடுத்ததைக் கேட்பதற்குள் உங்கள் தீவின் டவர் படுத்துவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் கப்பலில் ஆடி அசைந்து வந்தாலும் பாதியில் அறுந்துபோகாது.

செய்தி இதுதான். கிளிஞ்சல் தீவுக்குத் துறைமுகம் அமைப்பதற்கான திட்டம் தயாரிக்கும் வேலை அந்தமான் நிர்வாகத்திடமிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. ஆடுகோடியில் நாங்கள் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது மாடிக்கு அந்தமான் கடல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ துறைமுகங்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறேன். அங்கே இறங்குகிறவர்களில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது. இந்தத் தடவை எல்லா முகமும் தெரியும்.

கோமளம் முதல்தடவை உன் ஊருக்கு வந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நின்றுவிட்டது. கீழே மாப்பிள்ளையின் டிங்கிப் படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, நான் சொன்னதும் குதிங்க, யோசிக்காதீங்க" என்று அவர் கையை நீட்ட, இவள் கண்ணை மூடிக்கொண்டு கன்னடத்தில் தன் வீட்டுச் சாமியைக் கூப்பிட்டபடியே குதித்தாள். இனி யாரும் அப்படிக் குதிக்க வேண்டியதில்லை, வனஜா. கப்பலிலிருந்து நடந்தே இறங்கலாம்.

ஒன்றை முதலிலேயே செய்துவிட்டேன். அந்தத் தீவின் ஊராட்சித் தலைவி என் தங்கை என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் ஊர்க் கூட்டங்களுக்கு நான் வரமாட்டேன். என்னுடன் வேலை செய்யும் அனுஷா வருவாள். கடலுக்குள் கட்டவேண்டியதை மட்டும் நான் பார்ப்பேன். ஆனால் உன் ஊருக்கு என்ன வேண்டும் என்று தங்கையாக நீ எழுதலாம். மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்பதையும் எழுது.

உன் அண்ணன்,
ரகுராம்

*

கிளிஞ்சல் தீவு
12 பிப்ரவரி 2023

அன்புள்ள அண்ணாவுக்கு வனஜா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நலம். அண்ணி, ஸ்னேஹா, நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பதைப் படித்துச் சந்தோஷம். உங்கள் கடிதத்தைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்தே பிரித்தேன். துறைமுகம் பற்றிய பகுதியை ஹிந்தியில் வாய்விட்டுச் சொன்னேன். வங்காளிகள், தெலுங்குக்காரர்கள், நம் ஆட்கள், எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். இங்கே தலைவியைப் பிரதான் என்பார்கள் இல்லையா? பிரதான் மேசையைத் தட்டித்தான் அடக்க வேண்டியிருந்தது.

என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பல் கரையோடு வந்து அணைய வேண்டும். மழைக்காலத்திலும் அணைய வேண்டும். எங்கள் பாக்கு மூட்டைகள் கை மாறிக் கை மாறிக் கப்பலுக்கு ஏறுவதற்குள் ஒன்றிரண்டு கடலுக்குப் போய்விடுகின்றன. கப்பல் வராத வாரத்தில் பிடித்த மீனைக் கருவாடாக்குகிறோம். ஐஸ் இருந்தால் அது மீனாகவே போய்ச் சேரும். பக்கத்துத் தெரு டொமினிக்கின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டித் தூக்கினார்கள். அவர் பிழைத்துத் திரும்பி வந்தார். ஆனால் இன்றைக்கும் கப்பல் ஊதினால் வீட்டுக்குள் போய்விடுகிறார்.

எல்லாவற்றுக்கும் மேல், இந்தத் துறைமுகம் எங்களுக்காக இருக்க வேண்டும். எங்களைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக மட்டும் வேண்டாம். நான் ஓட்டுக் கேட்டுப் போனபோது ஒரே ஒரு வாக்குக் கொடுத்தேன், கப்பலைக் கரைக்குக் கொண்டுவருவேன் என்று. கொண்டுவருவேன்.

அண்ணி அனுப்பிய ரவை வந்தது, ஈரம்படவில்லை. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறார். வந்ததும் கடிதத்தைக் காட்டுகிறேன்.

தங்கை,
வனஜா

*

விவேக் நகர்
21 மார்ச் 2023

அன்பு வனஜாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அங்கே உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா?

முதல் வரைவை வெளியிட்டுவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று மேற்கு வளைகுடா. கரையை ஒட்டியே நல்ல ஆழம், கட்டுவது சுலபம். ஆனால் உங்கள் ஊருக்கும் அதற்கும் நடுவில் ஒரு குன்றும் காடும் இருக்கின்றன. இன்னொன்று கிழக்கே உங்கள் ஊர்ப் பக்கம். ஆழம் கொஞ்சம் தள்ளித்தான் கிடைக்கிறது. பவளப்பாறைமேல் மண்ணைக் கொட்டாமல், தூண்களின் மேல் ஒரு பாலத்தை நீளமாகக் கொண்டுபோய், அதன் நுனியில் கப்பலை அணைக்க வேண்டும்.

மேற்குப் பக்கத்தில் விடுதி கட்ட ஒரு பெரிய முதலீட்டாளர் காத்திருக்கிறார். எங்கள் தலைமைப் பொறியாளர் டேரில் கேட்டார்.

"ரகு, வெஸ்ட்ல ஒரே ஒரு கப்பல் நிக்கற மாதிரி சின்ன பெர்த் போட்டா போதும்ப்பா. டூரிஸ்ட் ஷிப் வரும், ரிசார்ட் வரும். நீ ஏன் ஈஸ்ட்லயே நிக்கிற?"

"ஊரு அங்கதான் சார் நிக்குது."

"ஜோக் அடிக்காத."

"இல்ல சார். மழைக்காத்து முழுசும் மேற்குலதான் அடிக்கும். உல்லாசக் கப்பல் டிசம்பர்ல வரும், போயிடும். பிரசவ வலி ஜூலையிலயும் வரும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் பேனாவை மூடினால் பாதி ஜெயித்த மாதிரி.

நுனியில் கப்பல் அணையும் இந்தப் பாலத்தை நாங்கள் ஜெட்டி என்போம்; ஸ்னேஹாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே சிரிப்பு. "அப்பா ஆபீஸ்ல ஜெட்டி டிசைன் பண்றார்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள்.

ஒரு கேள்வி. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் டிங்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, பாலம் வந்தபின் அவர்கள் என்ன செய்வார்கள்? திட்டத்தில் அதற்கு ஒரு பத்தி எழுத வேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. அவர் ஒரு வரிகூட எழுதவில்லையே, கோபமா?

அண்ணன்,
ரகுராம்

*

கிளிஞ்சல் தீவு
18 ஏப்ரல் 2023

அண்ணாவுக்கு வணக்கம்.

நலம், நலம் அறிய ஆவல். கப்பல் புறப்படப் போகிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

கிழக்குப் பக்கம்தான் வேண்டும். இதில் ஊரில் இரண்டு பேச்சே இல்லை. உங்கள் அனுஷாவுக்குப் பள்ளிக்கூடத்தின் பக்கத்து அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். சைவமா, மீன் சாப்பிடுவாரா என்று அண்ணியைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

டிங்கிக்காரர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானவர்களுக்கு வலையும் இருக்கிறது, மீன்பிடிக்கப் போவார்கள். சிலருக்குப் பாக்குத் தோப்பு இருக்கிறது. டொமினிக்கின் தம்பி போர்ட் பிளேரில் கடை வைக்கப் போவதாகச் சொன்னான். அதனால் அந்தப் பத்தியை நீங்கள் தைரியமாக எழுதலாம்.

ஸ்னேஹாவுக்குச் சங்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். காதில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

வனஜா

*

விவேக் நகர்
29 மே 2023

அன்பு வனஜாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

அனுஷா இன்று அலுவலகம் வந்தாள். முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். நீ போட்ட மீன் குழம்பைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு சொன்னாள்.

"சார், மீட்டிங் சூப்பரா போச்சு. ஈஸ்ட்தான் வேணும்னு எல்லாரும் கை தூக்கினாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் எழுந்து, எந்தப் பக்கமும் வேணாம்னுட்டார்."

"யாரு?"

"டிங்கி வெச்சிருக்கறவர் சார். அர்ஜுனன்னு பேர் சொன்னார். அதுக்கப்புறம் பிரதான் மேடம் தீர்மானமே போடல. மழைக்காலம் முடியட்டும்னு தள்ளி வெச்சிட்டாங்க."

நான் அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னதும், "உங்களுக்குத் தெரிஞ்சவரா சார்?" என்றாள். "எங்க மாப்பிள்ளை" என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

உன் இரண்டு கடிதத்தையும் எடுத்து மறுபடி படித்தேன். பாக்கு மூட்டை இருக்கிறது, டொமினிக்கின் அப்பா இருக்கிறார், டொமினிக்கின் தம்பி இருக்கிறான். உன் வீட்டுக்காரர் மட்டும், கடலுக்குப் போயிருக்கிறார் என்ற ஒரு வரியோடு சரி. மாப்பிள்ளையிடம் வலையும் இல்லை, தோப்பும் இல்லை. அவர் அப்பா காலத்திலிருந்தே டிங்கிதான் அவர்களுக்கு எல்லாம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நீ தைரியமாக எழுதலாம் என்றதும் நான் எழுதிவிட்டேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை, வனஜா? திட்டம் கெட்டுவிடும் என்று பயந்தாயா? வீட்டில் என்ன நடக்கிறது என்று உடனே எழுது.

ரகு

*

கிளிஞ்சல் தீவு
30 ஜூலை 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் ஸ்னேஹாவும் சுகம்தானே? பதில் தாமதமானதற்குக் காற்று மழையைக் காரணம் சொல்லலாம். ஆனால் நடுவில் இரண்டு கப்பல் வந்து போயின. எழுத வரவில்லை.

உங்கள் முதல் கடிதத்தை அவரிடம் காட்டிய நாளிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. சண்டை இல்லை, ஒரு சத்தம் இல்லை. பாயை எடுத்துக்கொண்டு படகுக் கொட்டகைக்குப் போய்விட்டார். சாப்பிட வருவார், தட்டைக் கழுவி வைப்பார், போய்விடுவார். ஊர் முழுவதும் என்னைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது என் வீட்டில் இப்படி. அதை எப்படி எழுதுவேன்? எழுதினால் நீங்கள் வேலையைத் தளர்த்திவிடுவீர்கள் என்றும் நினைத்தேன்.

போன மாதம் டொமினிக்கின் மனைவிக்கு நாள் முன்னாலேயே வலி வந்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே முடியாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். நல்லவேளையாகப் பிற்பகலில் கப்பல் வந்தது. ஆனால் அலை எழும்பி மடிந்துகொண்டிருந்தது. மற்ற டிங்கிக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் படகைத் தள்ளினார். நான் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே போனேன்.

கப்பலின் பக்கவாட்டுக் கதவுக்கு நேராக ஒவ்வொரு தடவை படகு ஏறும்போதும் "இப்ப வேணாம், இப்ப வேணாம்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு தடவை, "இப்ப!" என்றார். மேலே இருந்தவர்கள் அவளை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த நொடி படகு கப்பலில் மோதியது. நடுவில் அவர் தோள். எலும்பு நழுவிவிட்டது. ஒற்றைக் கையால் என்னைக் கரை சேர்த்தார். அவளுக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம்.

நர்ஸ் தோளைப் பொருத்திக் கட்டுப் போட்ட பிறகு கொட்டகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே பேசினார்.

"இந்த வேலைய நான் ஆசையா செய்யறேன்னு நெனச்சியா வனஜா? ஜனங்க ஒவ்வொரு வாட்டி கைய நீட்டும்போதும் நழுவிடுமோன்னு பயந்துக்கிட்டேதான் பிடிக்கிறேன். ஜெட்டி வந்தா மொதல்ல நிம்மதியா தூங்கப்போறது நான்தான்."

"அப்புறம் ஏன் எழுந்து வேணாம்னீங்க?"

"அந்தப் பொண்ணு படம் காட்டிச்சே. அதுல கப்பல் இருந்துச்சு, கிரேன் இருந்துச்சு, தொப்பி போட்ட டூரிஸ்ட்டு இருந்தான். நான் எங்க இருந்தேன்? நாளைக்கு வெளியூர்ல இருந்து யூனிஃபார்ம் போட்டவன் வந்து கயிறு பிடிப்பான். நான் கையக் கட்டிக்கிட்டு ஓரமா நிக்கணும். அதை யாருமே கேக்கல. பிரதான் கண்ணுக்கு ஊரே தெரிஞ்சிது, நான் தெரியல."

தோள் கட்டைச் சரிசெய்துவிட்டு எழுந்து வந்தேன், அண்ணா.

இப்போது பேசுகிறார். ஆனால் படுக்கை இன்னும் கொட்டகையில்தான். அக்டோபரில் கிராம சபையைக் கூட்டுகிறேன். அதற்குள் அந்தத் துறையில் யார் வேலை செய்வார்கள் என்பதைத் திட்டத்திலேயே எழுதுங்கள். செய்வார்கள் என்று நம்புகிறோம் என்றல்ல, செய்ய வேண்டும் என்று. அது இல்லாமல் நானே கையெழுத்துப் போடமாட்டேன்.

உங்கள் வனஜா

*

விவேக் நகர்
22 ஆகஸ்ட் 2023

அன்பு வனஜாவுக்கு,

கடிதம் நேற்றுத்தான் வந்தது. மாப்பிள்ளையின் தோள் எப்படி இருக்கிறது? பாரம் தூக்க விடாதே. கோமளம் வலிக்குத் தடவ ஒரு தைலம் அனுப்பியிருக்கிறாள். வாடை பலமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்.

மாப்பிள்ளை சொன்னது சரி. எங்கள் வரைபடங்களில் மனிதர்களைப் போடுவோம், ஆனால் தூண் எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக. எல்லோரும் ஒரே அச்சு, முகம் இருக்காது.

அனுஷாவும் நானும் அந்த ஒரு பத்தியைக் கிழித்துப் போட்டோம். அதற்குப் பதிலாக ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறோம். கப்பல் அணையும்போது வடம் வாங்கிக் கட்டுவது, சரக்கு இறக்குவது, ஐஸ் அறை, தண்ணீர் கொடுப்பது, நோயாளி வந்தால் முதலில் ஏற்றுவது, எல்லாவற்றையும் தீவிலேயே இருக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம் நடத்த வேண்டும். சங்கத்தில் முதல் இடம் டிங்கிக்காரர்களுக்கு. கட்டி முடிப்பதற்கு முன்பே அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். பழைய டிங்கிகள் துறைக்குள் படகுகளை இழுத்துக் கட்டவும், கடலில் யாராவது சிக்கினால் போய் மீட்கவும் இருக்கும். எல்லாம் நிபந்தனையாக எழுதியிருக்கிறோம்.

டேரில் படித்துவிட்டு, "இது போர்ட் பிளானா, சொசைட்டி பைலாவா ரகு?" என்றார்.

"ரெண்டும்தான் சார். ஆளில்லாத துறையில கப்பல் எப்படி நிக்கும்?"

"கிளையண்ட் வெஸ்ட்தான் கேக்கறாங்க. இதுக்கு மேல நீ அழுத்தினா..." என்று நிறுத்திவிட்டார்.

நீ கவலைப்படாதே. அலுவலகத்தில் எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது. வேலையை நல்லபடியாக முடித்துவிடலாம்.

அண்ணன்,
ரகுராம்

*

விவேக் நகர்
14 செப்டம்பர் 2023

பிரியமுள்ள வனஜாவுக்கு அண்ணி கோமளம் எழுதியது.

தைலம் வந்து சேர்ந்ததா? தோள் வலி குறைந்ததா? இங்கே சௌக்கியம். இன்று வியாழக்கிழமை, குழந்தை இயேசு கோவில் கூட்டத்தில் எங்கள் தெருவுக்குள் ஆட்டோ நுழைய முடியவில்லை. மார்க்கெட்டுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாது.

நீங்கள் அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. முக்கியமானதை மட்டும் எழுதமாட்டீர்கள். அலுவலகத்தில் எல்லாம் வழக்கம்போல் என்று அவர் உனக்கு எழுதியிருப்பார். அப்படி இல்லை. மேற்குப் பக்கம்தான் சிறந்தது என்று அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "மழைக்காலத்துல அங்க கப்பல் நிக்காது, நிக்கும்னு நான் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே அவரை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஓசூர் ரோட்டில் ஒரு கிடங்குக்குத் தரை போடும் வேலையைப் பார்க்கிறார்.

நான் அழுதேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "சும்னிரு கோமளா, அழாத. அந்தக் கிடங்கு மாதிரி தரை பெங்களூர்லயே இருக்காது பாரு" என்கிறார். கன்னடம் பேசினால் நான் சமாதானமாகிவிடுவேன் என்று அவருக்கு நினைப்பு.

அனுஷா வீட்டுக்கு வந்திருந்தாள். "இரண்டு பக்கத்தையும் சபை முன்னாடி வெக்கறேன்மா. அந்த அத்தியாயத்தையும் எடுக்க மாட்டேன். ஊர் என்ன தீர்மானம் போடுதோ, அதைத் தள்ளிட்டு யாராலயும் அறிக்கை கொடுக்க முடியாது" என்றாள். சின்னப் பெண், குரல் நடுங்கவே இல்லை.

இதைப் படித்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டு அழாதே. கூட்டத்தை ஒழுங்காக நடத்து.

அன்புடன்,
கோமளம்

*

கிளிஞ்சல் தீவு
8 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நாங்கள் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

உங்களுக்கு நடந்தது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அழக்கூடாது என்று உத்தரவு, அதனால் நேராகக் கூட்டத்துக்கு வருகிறேன்.

மழை விட்டு நல்ல வெயில். பள்ளிக்கூட மைதானம் நிறைந்துவிட்டது. முதலீட்டாளர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து, மேற்குப் பக்கத்தில் துறை வந்தால் எல்லோருக்கும் வேலை என்று ஹிந்தியில் அழகாகப் பேசினார். டொமினிக் எழுந்தார், "எந்த மாசத்திலிருந்து எந்த மாசம் வரைக்கும்?" என்று மட்டும் கேட்டார். அவர் "சீசனில்" என்றார். டொமினிக் தோளில் இருந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே, "இது சீசன்ல பொறக்கல" என்று உட்கார்ந்துவிட்டார்.

அனுஷா இரண்டு வரைபடத்தையும் விரித்தார். உங்கள் அத்தியாயத்தை வரிவரியாகப் படித்தார். அப்போது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தோள் இன்னும் சரியாக எழும்பாததால் இடது கை.

யாருடைய கை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நாற்காலியில் இருக்கிறேனே. "பேரைச் சொல்லிட்டுப் பேசுங்க" என்றேன், எல்லோரிடமும் சொல்வதைப் போல.

"அர்ஜுனன். பிரதானோட வீட்டுக்காரர்."

மைதானமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"போன வாட்டி எந்தப் பக்கமும் வேணாம்னேன். இப்ப கிழக்குப் பக்கம் வேணும்கறேன். ஆனா ஒண்ணு. இந்தப் பொண்ணு படிச்ச சங்கத்து விஷயம் தீர்மானத்துல முதல் வரியா இருக்கணும். கடைசி வரியா இருந்தா யாராவது மடிச்சுக் கிழிச்சிடுவான்."

"முதல் வரியாவே இருக்கும்" என்றேன்.

"பிரதான் சொன்னா சரி" என்று உட்கார்ந்தார்.

அப்படியே எழுதினோம். துறையின் வேலை தீவின் மக்களுக்கு, துறை கிழக்குப் பக்கம், மழைக்காலத்திலும் கப்பல் அணைய வேண்டும். மேற்குப் பக்கம் வேண்டாம். கைகள் உயர்ந்தன. எதிர்த்து யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தபோது பின்னால் ஏதோ சத்தம். திரும்பினால், அவர் பாயைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, "டீ இருக்கா?" என்றார்.

அண்ணா, நீங்கள் இல்லாமலேயே உங்கள் வேலை நடந்துகொண்டிருக்கிறது. தரையை நன்றாகப் போடுங்கள்.

வனஜா

*

விவேக் நகர்
9 பிப்ரவரி 2024

அன்பு வனஜாவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்கள் இருவரும் சுகம்தானே? என் சங்கதியை உனக்கு யார் எழுதியது என்று உன் அண்ணியை நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

திட்டத்தை அந்தமான் நிர்வாகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. கிழக்குப் பக்கம். உங்கள் தீர்மானத்தை அப்படியே இணைத்து, சங்கம் பற்றிய அத்தியாயத்தை நிபந்தனையாகவே வைத்து, அனுஷா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. பாலத்தின் அகலத்தைக் குறைத்துவிட்டார்கள். ஐஸ் அறை இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது. அதற்கு நீ மேசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கப்பல் அணையும், மழையிலும் அணையும்.

நேற்று டேரில் கிடங்கு வேலை நடக்கும் இடத்துக்கே வந்தார். தரையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"நல்லா போட்டிருக்க."

"தேங்க் யூ சார்."

"தீவுல ஈஸ்ட் சைட் தூண் கணக்கெல்லாம் செக் பண்ண ஆள் வேணும். அனுஷா உன் பேரைத்தான் சொல்றா. வர்றியா, இல்ல இங்கயே பாலிஷ் போட்டுட்டிருப்பியா?"

"திங்கட்கிழமை வர்றேன் சார்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோக்காரர், "ஏன் சார் தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டார்.

இத்தனை கடிதத்தில் மாப்பிள்ளை ஒரு வரி எழுதவில்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்.

அண்ணன்,
ரகுராம்

*

கிளிஞ்சல் தீவு
24 நவம்பர் 2024

மச்சானுக்கு அர்ஜுனன் எழுதிக்கொண்டது.

நீங்களும் அக்காவும் பாப்பாவும் நல்லா இருக்க வேண்டும். நாங்கள் நல்லா இருக்கிறோம். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பிப்ரவரியில் கேட்டதற்கு இப்போது எழுதுகிறேன். ஒரு விஷயம் கண்ணால் பார்த்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

சங்கம் பதிவாகிவிட்டது. தலைவராக எல்லோரும் என் பேரைத்தான் சொன்னார்கள். உங்கள் தங்கை எழுந்து, பிரதான் வீட்டு ஆள் சங்கத்தில் எந்தப் பதவிக்கும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அத்தனை பேர் முன்னால். வீட்டுக்கு வந்து, "ஏன்டி, இதுக்கா நான் பாயைத் தூக்கிட்டு வந்தேன்?" என்றேன். "ஆமா" என்றாள். டொமினிக் தலைவர். நான் உறுப்பினர், அவ்வளவுதான். கோபம் இரண்டு வேளைதான் இருந்தது. அவள் சொன்னது நியாயம். என் வேலையை நான் கேட்டேன், கிடைத்திருக்கிறது. நாற்காலி நான் கேட்கவில்லை.

மழைக்குப் பிறகு எங்களைப் போர்ட் பிளேருக்கு அனுப்பி, பெரிய கப்பலுக்கு வடம் கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். தோள் இப்போது பழுதில்லை. சொல்லிக்கொடுத்தவர் கெட்டிக்காரர். எங்களுக்கும் ஒரே மாதிரி சட்டை கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் இறுக்கம், வனஜா பிரித்துத் தைத்தாள்.

முந்தாநாள் கடலுக்கு அடியில் துளை போட்டுப் பார்க்கும் மிதவை வந்தது. உங்கள் தூண்களுக்காகத்தான். பாறைக்கு வெளியே வந்து நின்றது. எங்கள் டிங்கி எல்லாம் போய்க் கயிறு கட்டி உள்ளே இழுத்து வந்தோம். கரை முழுவதும் ஜனம். டொமினிக்கின் அப்பாகூட வாசலுக்கு வந்து நின்றார்.

மிதவையில் வந்த என்ஜினியரிடம் வனஜா, "எப்ப முடியும்?" என்று கேட்டாள். "மூன்று வருஷம் ஆகும் மேடம்" என்றார். அவள் முகம் சுருங்கியது. மூன்று மழைக்காலத்தை நினைத்திருப்பாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், மச்சான்.

நீங்கள் நிதானமாக, நல்லா கட்டுங்கள். அதுவரைக்கும் ஜனங்களைக் கரை சேர்க்க நாங்கள் இருக்கிறோம். அதற்குப் பிறகும் இருப்போம்.

அர்ஜுனன்